வீட்டு வீடியோ நாடாக்களும் கூட்டுறவு முயற்சியும்

சிக்கனம் என்பது பணத்தைச் சேமிப்பதோடு முடிந்துவிடுவதன்று. ஒருமுறை தேடிய பொருள் வீணாகாமல் காப்பதும் சிக்கனமேயாகும். அறுவடை முடிந்ததும் விதை நெல்லைத் தனியே எடுத்து வைக்காத விவசாயி இல்லை. பழைய அச்சுப் பண்ணையைப் பரணில் பத்திரமாக வைக்காத நெசவாளரும் இல்லை. ஆயினும் இதே வீடுகளில், எவர் கண்ணிலும் படாமல், விலை மதிக்க இயலாத செல்வம் ஒன்று ஆண்டுதோறும் அழிந்து வருகிறது. காம்கார்டர் என்னும் கைக் காமிராவினால் எடுக்கப்பட்ட வீடியோ நாடாக்களையே நாம் குறிப்பிடுகிறோம்.

நெசவாளருக்கு நாடா என்றால் தறியில் இங்குமங்கும் ஓடுவது. வீடியோ நாடாவும் ஓடுவதுதான். ஆனால் அது ஓடிய காலம் முடிந்துவிட்டது. வீட்டு உபயோகத்துக்கான முதல் காம்கார்டரை 1983-ஆம் வருஷத்தில் ஜப்பானின் சோனி கம்பெனியார் வெளியிட்டனர். 1985-இல் எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு நாடாவும், 1995-இல் டிஜிட்டல் முறையில் பதியும் மினிடிவி நாடாவும் வந்தன. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைத்துத் திரும்பியவர்கள் பெட்டியோடு ஒரு 'ஹேண்டிகேம்' கொண்டுவந்த காலம் நம் அங்கத்தினர் பலருக்கும் நினைவிருக்கும். கலியாணம், காதுகுத்து, புதுமனை புகுதல், சங்கத்தின் ஆண்டு விழா யாவும் அதில் பதியப்பட்டன. பிறகு கைப்பேசியே காமிராவாகிவிட்டது. நாடாக்கள் பீரோவின் அடித்தட்டுக்குச் சென்றன.

அவற்றை ஓட்டிக் காட்டும் இயந்திரங்களும் மறைந்து வருகின்றன. உலகில் வி.சி.ஆர். செய்துவந்த கடைசிக் கம்பெனியாகிய ஜப்பானின் ஃபுனாய், 2016-ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு அந்த உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆகவே நாடா நன்றாக இருந்தும், அதைப் பார்க்க வழியில்லை என்ற நிலை நம் கண்ணெதிரே உருவாகி வருகிறது.

நாடா கெடுவது எவ்வாறு?

வீடியோ நாடா என்பது மெல்லிய பாலியெஸ்டர் படலம். அதன்மீது காந்தத் துகள்கள் ஒரு பசையினால் ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. படமும் ஒலியும் அத்துகள்களில்தான் இருக்கின்றன. வி.எச்.எஸ். நாடாவின் அகலம் அரை அங்குலம்; மினிடிவி நாடாவின் அகலம் கால் அங்குலமே. இவ்வளவு குறுகிய இடத்தில் எத்தனையோ நுண்ணிய தடங்கள் சாய்வாகப் பதிந்துள்ளன. ஒரு சிறு சுருக்கம் விழுந்தாலும் அவ்விடத்துப் படம் போய்விடும்.

நம் நாட்டின் ஈரக்காற்று நாடாவுக்குப் பகை. ஈரத்தினால் பசை இளகுகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது. கேசட்டின் சிறு கண்ணாடிச் சாளரம் வழியே பார்த்தால், சுருளின் விளிம்பில் வெண்ணிறப் பொடியோ நூலாம்படை போன்ற படிவோ தெரியும். அத்தகைய கேசட்டை எக்காரணங்கொண்டும் இயந்திரத்தில் போடலாகாது. பூஞ்சணம் இயந்திரத்தின் தலைப்பகுதியில் ஒட்டி, அடுத்துப் போடப்படும் நல்ல நாடாக்களையும் கெடுக்கும். நோயுற்ற பட்டுப் புழுக்களை நல்ல புழுக்களோடு ஒரே தட்டில் விடாத எச்சரிக்கை இங்கும் வேண்டும். அவற்றைத் தனியே ஒதுக்கி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே முறை.

மற்ற நாடாக்களை முழுவதும் பின்சுற்றி, புத்தகம் போல் நிமிர்த்தி, உறையிலிட்டு, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். ஒலிபெருக்கி, மின்மாற்றி முதலியவற்றின் அருகில் வைக்கக்கூடாது. அவற்றின் காந்தம் பதிவைச் சிதைக்கும். மேலும், தவறுதலாக எவரும் அதன்மேல் வேறொன்றைப் பதிந்துவிடாதவாறு காப்பிட வேண்டும். வி.எச்.எஸ். கேசட்டில் முதுகுப்புறத்துச் சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடலாம். சிறு கேசட்டுகளில் இதற்கென ஒரு தள்ளுவிசை உண்டு.

ஒரு சங்கத்தில் கண்டது

தணிக்கையின் பொருட்டு ஒரு பட்டு நெசவாளர் சங்கத்துக்கு நாம் சென்றிருந்தபோது, பழைய ரசீதுப் புத்தகங்களின் பின்னால் ஒரு மினிடிவி கேசட் இருந்தது. அதன்மேல் 'கோர்வை, பேட்னி' என்று பென்சிலால் எழுதியிருந்தது. சங்கத்தின் மூத்த அங்கத்தினர் ஒருவர் பல வருஷங்களுக்கு முன் தம் தறியில் செய்து காட்டியது அது என்றும், அவர் காலமாகிவிட்டார் என்றும் காரியதரிசி தெரிவித்தார்.

கோர்வை என்பது சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இரண்டையும் பிணைத்துச் செல்லும் வேலை என்பதை நெசவாளருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மூன்று நாடாக்களும் இரண்டு ஆட்களும் வேண்டிய வேலை அது. பேட்னியோ, உடலின் பாவு இழைகளோடு முந்தியின் வேறு நிறப் பாவு இழைகளை இணைக்கும் நுட்பம். அதைவிடப் பொறுமை கேட்பது. இன்று இவ்விரண்டையும் கையால் செய்ய வல்லவர்கள் அருகி வருகின்றனர்.

அந்த நாடாவிலிருந்து முன்பே ஒரு டிவிடி தயாரிக்கப்பட்டிருந்தது. நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்துச் செய்வித்தார்களாம். அதைப் போட்டுப் பார்த்தோம். மொத்தம் பன்னிரண்டு நிமிஷம். பெரியவர் தறியில் அமர்கிறார். பேட்னி வேலை அரை நிமிஷத்தில் பறந்து முடிகிறது. உடனே சேலை விரிகிறது. ரோஜாப்பூக்கள் திரையில் சுழல்கின்றன. தொடக்கம் முதல் இறுதிவரை சினிமாப் பாட்டு. பெரியவரின் உதடுகள் அசைகின்றன. குரல் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பார்ப்பதற்கு அலங்காரமாகவே இருந்தது. கற்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

நல்லவேளையாக மூல நாடா எஞ்சியிருந்தது. வேறொரு ஊரில் வேலை செய்யும் நிலையிலிருந்த ஒரு காமிராவை வரவழைத்து அதை ஓட்டினார்கள். ஒரு மணி நேரம், வெட்டப்படாமல். எந்த இழையை எந்த விரலில் பிடிப்பது, முறுக்கு எந்தப் பக்கம், இழை அறுந்தால் முதலில் எங்கே கைவைப்பது என்று அவர் அருகிலிருந்த சிறுவனுக்குச் சொல்லிக்கொண்டே வேலை செய்கிறார். இடையில் ஓரிடத்தில் தவறிழைத்து, அதைப் பிரித்து, மறுபடியும் பிணைக்கிறார். கடைக்காரர் முதலில் வெட்டி எறிந்த பகுதி அதுவாகத்தான் இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த இளைய நெசவாளர் இருவர் அந்த இடத்தையே மும்முறை திருப்பிப் போடச் சொன்னார்கள். அப்பெரியவரின் குடும்பத்தாருக்கோ, அவர் குரலை மீண்டும் கேட்டதே போதுமானதாயிருந்தது.

இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே நாம் சொல்லவந்த விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. படத்தொகுப்பு என்பது வெட்டுவதில் மட்டும் இல்லை. எதை வெட்டக்கூடாது என்று அறிவதிலும் இருக்கிறது.

முதற்படி: நாடாவிலிருந்து கணிப்பொறிக்கு

வேலை மூன்று படிகளாக நடைபெறும். முதலில் நாடாவிலுள்ளதைக் கணிப்பொறிக்கு மாற்றுவது, அடுத்துத் தொகுப்பது, இறுதியில் டிவிடியில் எழுதுவது.

மினிடிவி நாடாவில் உள்ளது ஏற்கெனவே டிஜிட்டல் பதிவு. ஃபயர்வயர் என்னும் கம்பி வழியாக அதை உள்ளது உள்ளபடியே, தரம் சிறிதும் குறையாமல், கணிப்பொறிக்குள் இறக்கலாம். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 13 ஜிகாபைட் இடம் வேண்டும். புதிய கணிப்பொறிகளில் ஃபயர்வயர் துளை பெரும்பாலும் இல்லை. ஆகையால் பழைய கணிப்பொறி ஒன்றை இவ்வேலைக்கென்றே ஒதுக்குவதும், மேஜைக் கணிப்பொறியில் அதற்குரிய அட்டை ஒன்றைப் பொருத்துவதும் உகந்த வழிகளாகும்.

வி.எச்.எஸ்., எட்டு மில்லிமீட்டர் நாடாக்களின் பதிவு அனலாக் முறையிலானது. இவற்றை மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளுள்ள கம்பிகளால் ஒரு யு.எஸ்.பி. பதிவுக் கருவியோடு இணைத்து, அதன்மூலம் கணிப்பொறிக்கு அனுப்ப வேண்டும். காமிராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சள் முனைக்குப் பதில் அதையே உபயோகிக்கலாம். படம் தெளிவாக இருக்கும். டிஜிட்டல்-8 என்ற பெயருள்ள காமிராக்களில் சில, பழைய எட்டு மில்லிமீட்டர் நாடாவையும் ஓட்டி, அதை டிஜிட்டலாக மாற்றி ஃபயர்வயர் வழியே தரவல்லவை. அத்தகைய காமிரா எவரிடமேனும் இருந்தால் அதைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட வேண்டாம்.

நெடுநாள் ஓடாத நாடாவை ஒருமுறை இறுதிவரை முன்னோக்கிச் சுற்றி, மீண்டும் பின்சுற்றிய பிறகே பதிவு செய்ய வேண்டும். சுருளின் இறுக்கம் சீராகும். இதில் அவசரத்துக்கு இடமில்லை. ஒரு மணி நேர நாடாவை இறக்க ஒரு மணி நேரம் ஆகியே தீரும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டு வீடியோ பிஏஎல் முறையைச் சேர்ந்தது. விநாடிக்கு 25 படங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பிய நாடாவோ என்டிஎஸ்சி முறை. விநாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள். இரு வேறு அச்சு எண்களில் நெய்த துணிகளை ஒட்டுப்போட்டது போல இவற்றை ஒரே தொகுப்பில் அப்படியே சேர்த்தால் அசைவு சீராக இராது. தனித்தனியே டிவிடி செய்வதே எளிது.

இரண்டாம் படி: தொகுத்தல்

தொகுப்பதற்கான மென்பொருளை விலைகொடுத்து வாங்க வேண்டிய அவசியமில்லை. ஷாட்கட், கேடென்லைவ், ஓப்பன்ஷாட் முதலியவை இலவசமாகவே கிடைக்கின்றன. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகள் சில நாட்களில் கற்றுக்கொள்வர். ஆனால் கத்தியை எடுக்குமுன் காகிதத்தை எடுக்க வேண்டும். முழுப் பதிவையும் ஒருமுறை பார்த்து, எத்தனையாவது நிமிஷத்தில் என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள், எந்த ஊர் என்று பட்டியல் எழுதிக்கொள்க. இப்பட்டியலை எழுதும்போது வீட்டிலுள்ள மூத்தவர்களை அருகில் அமர்த்திக்கொள்வது மிக முக்கியம். 'இவர் யார்?' என்று கேட்க இன்று ஆள் இருக்கிறது; பத்து வருஷம் கழித்து இராது.

எடுக்கத்தக்கவை எவை? காமிராவை நிறுத்த மறந்து தரையைப் படம்பிடித்த பகுதி, வெறும் இருட்டு, வேகமாய் ஆடி அலைந்த காட்சிகள், ஒன்றையே பலமுறை எடுத்தவை ஆகியவற்றைத் தயங்காமல் நீக்கலாம். ஒருவர் பேசும்போது பேச்சின் நடுவே வெட்டலாகாது. பந்தியில் அமர்ந்தவர்களை வரிசையாகக் காட்டும் பகுதி அலுப்பாகத் தோன்றும். ஆயினும் அதை முற்றும் நீக்கிவிட வேண்டாம். சில உறவினரின் முகம் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கும். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு நேரே செல்வதே அழகு. படம் சுழல்வதும் சிதறுவதும் பூவாய் உதிர்வதும் ஒருமுறை வியப்பூட்டும். பலமுறை கண்ணை உறுத்தும்.

எல்லாவற்றிலும் முக்கியமாக, மூல ஒலியை அழித்துவிட்டுப் பாட்டை ஏற்றாதீர்கள். பாட்டு எங்கும் கிடைக்கும். பாட்டி தாலாட்டிய குரல் கிடைக்காது. தேவையாயின் தலைப்பு வரும் சில விநாடிகளுக்கு மட்டும் நாதசுரம் வைத்துக்கொள்ளலாம். அதுவும் அந்த நாடாவிலேயே இருக்கும் நாதசுரமாயிருந்தால் இன்னும் சிறப்பு.

தொழில் செய்முறைப் படங்களுக்கு இரண்டு பதிப்புகள் வேண்டும் என்பது நம் கருத்து. காண்போருக்கு ஒரு சுருக்கப் பதிப்பு: விழாக்களிலும் விற்பனைக் கண்காட்சிகளிலும் காட்டப் பத்து நிமிஷம் போதும். கற்போருக்கு முழுப் பதிப்பு: கையும் இழையும் தெரியும் பகுதிகளில் ஒன்றையும் வெட்டாமல், தவறும் திருத்தமும் உட்பட. ஒற்றை நாற்று நடவை வயலில் செய்து காட்டிய பழைய நாடாக்களை வைத்திருக்கும் விவசாய அன்பர்களுக்கும் இதுவே பொருந்தும். நாற்றைப் பெயர்த்தெடுக்கும் விதமும், கயிறு பிடித்து இடைவெளி அளக்கும் விதமும்தான் கற்பவருக்குத் தேவை. மேடைப் பேச்சு அன்று.

மூன்றாம் படி: டிவிடியில் எழுதுதல்

கைப்பேசிக் காலத்தில் டிவிடி எதற்கு என்று சிலர் கேட்கலாம். புதிய மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே இல்லாமற் போய்விட்டது உண்மை. ஆனால் கிராமத்து வீடுகளில் பல, தொலைக்காட்சியோடு ஒரு டிவிடி பிளேயரையும் இன்னும் வைத்திருக்கின்றன. வயது முதிர்ந்தவர்கள் கைப்பேசியின் சிறு திரையைவிட, தட்டைப் போட்டுப் பொத்தானை அழுத்திப் பெரிய திரையில் பார்ப்பதையே விரும்புகின்றனர். அவர்களுக்காகத்தான் டிவிடி.

சாதாரண டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். கணிப்பொறி வேறு கணக்கில் அளப்பதால் அதை ஏறத்தாழ 4.37 என்றே காட்டும். ஏமாற்றப்பட்டதாக எண்ண வேண்டாம். பிளேயரில் ஓடுவதற்குப் படத்தை எம்பெக்-2 என்னும் வடிவத்துக்குச் சுருக்க வேண்டும். ஒரு தட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் தரம் சிறப்பாக இருக்கும். இரண்டு மணி நேரம் வரை வைக்கலாம். அதற்கு மேல் திணித்தால் முகங்கள் மங்கிக் கட்டம் கட்டமாகத் தெரியும். குறைந்த ஊடையில் அதிக முழம் நெய்த துணி போலாகிவிடும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பழைய வீடியோவில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாக மாறிமாறிப் பதிவாகியுள்ளது. சாதாரண நெசவில் ஒற்றை இழைகளும் இரட்டை இழைகளும் மாறிமாறி எழுவதை நினைத்துக்கொண்டால் விளங்கும். எந்தப் பாதி முந்தியது என்ற வரிசை மாறிவிட்டால், நடந்து வருபவர் நடுங்கிக்கொண்டு நடப்பது போலத் தெரியும். மினிடிவி நாடாவில் கீழ்வரிப் பாதியே முந்தியது. மென்பொருளில் இந்த அமைப்பைச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

டிவிடி ஸ்டைலர் என்னும் இலவச மென்பொருளில் அத்தியாயங்கள் பிரித்து, முகப்புப் பட்டியல் அமைத்து, தட்டில் எழுதலாம். முகப்பில் எழுத்துக்கள் பெரியனவாகத் தமிழிலேயே இருக்கட்டும். ஒருமுறை மட்டும் எழுதத்தக்க நல்ல தட்டுகளையே வாங்குக. மிகுந்த வேகத்தில் எழுதாமல் நடுத்தர வேகத்தில் எழுதி, 'முடிவு செய்தல்' என்ற கட்டத்தை விடாமல் நிறைவேற்றுக. இல்லையேல் பிற பிளேயர்களில் ஓடாது. காகிதச் சீட்டு ஒட்டலாகாது. தட்டு சமநிலை தவறிச் சுழலும். பந்துமுனைப் பேனாவும் ஆகாது. தட்டுக்கென உள்ள மென்முனைப் பேனாவால் நடுவளையத்தில் எழுதலாம். எழுதி முடித்ததும் ஒரு சாதாரண பிளேயரில் போட்டு இறுதிவரை பார்த்த பின்னரே ஒப்படைக்க வேண்டும்.

காப்புப் பிரதிகள்

டிவிடி ஒன்று செய்துவிட்டோம், இனி நாடா வேண்டாம் என்று எண்ணுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. டிவிடியில் உள்ளது சுருக்கப்பட்ட பிரதி, மூலம் அன்று. எழுதும் தட்டுகளில் பதிவு ஒரு சாயப் படலத்தில் உள்ளது. எந்தச் சாயமும் வெயிலில் வெளுக்கும் என்பதை நெசவாளருக்கு யார் சொல்லித்தர வேண்டும்? ஆகவே, கணிப்பொறிக்கு இறக்கிய முழுக் கோப்பை இரண்டு வன்தட்டுகளில் வைத்து, அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் இருக்குமாறு செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து சோதிக்க வேண்டும். கைப்பேசியில் காண எம்பி4 வடிவில் ஒரு பிரதியும் எடுத்துக்கொள்ளலாம். மூல நாடாவையும் எறியக்கூடாது.

சங்கங்கள் செய்யத்தக்கது

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியே செய்வது கடினம். ஒரு கேசட்டுக்காக ஒருவர் பழைய காமிராவும் கருவியும் தேடி அலைவது வீண் செலவு. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் அதுவே எளிது. கூட்டுறவு பிறந்ததே இத்தகைய தேவைகளுக்காக அல்லவா? அருகருகே உள்ள இரண்டு மூன்று சங்கங்கள் கூடி, ஓடும் நிலையிலுள்ள ஒரு வி.சி.ஆர்., ஒரு மினிடிவி காமிரா, ஒரு பதிவுக் கருவி, ஒரு பழைய கணிப்பொறி ஆகியவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். இவற்றில் பாதி அங்கத்தினர் வீடுகளிலேயே தூசு படிந்து கிடக்கும். செலவு செய்ய நேர்ந்தால் துணைவிதிகள் இடம் தருகின்றனவா என்று பார்த்து, முறையான தீர்மானம் செய்து, கணக்கில் காட்டிச் செய்ய வேண்டும். அங்கத்தினரிடம் அடக்கச் செலவை மட்டும் வாங்கலாம்.

நாடாக்களைப் பெறுவதற்கு ஒரு பதிவேடு அவசியம். வரிசை எண், கொடுத்தவர் பெயர், பெற்ற தேதி, நாடாவின் வகை, அதன் நிலை, திருப்பிய தேதி, கையொப்பம் ஆகிய பத்திகள் போதும். ரசீது இல்லாமல் ஒரு கேசட்டையும் வாங்கவோ திருப்பவோ கூடாது. குடும்ப நிகழ்ச்சிகள் அக்குடும்பத்தாருக்கே உரியவை. அவர்கள் அனுமதியின்றி எவருக்கும் காட்டவோ பிரதி எடுக்கவோ அனுப்பவோ கூடாது. தொழில் செய்முறைப் படங்களைப் பொதுவில் வைக்கவும், செய்து காட்டியவரோ அவர் வாரிசுகளோ எழுத்தில் சம்மதிக்க வேண்டும். சங்கக் கூட்டங்களின் வீடியோவைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது நினைவுக்கு உதவும், நடவடிக்கைப் புத்தகத்துக்கு ஈடாகாது.

முதலில் செய்ய வேண்டியது மிகச் சிறியது. ஒவ்வொரு சங்கமும் தன் பீரோவையும், ஒவ்வொரு அங்கத்தினரும் தம் வீட்டுப் பரணையும் இந்த மாதத்திலேயே ஒருமுறை பார்க்கட்டும். கிடைத்த நாடாக்களை எண்ணிப் பட்டியலிடட்டும். தொழில் நுட்பம் பதிந்தவை முதலிலும், காலஞ்சென்ற பெரியோர் பேசுபவை அடுத்தும், மற்றவை பின்னரும் என்று வரிசை வகுத்துக்கொள்ளட்டும். இயந்திரங்கள் முற்றிலும் மறைந்த பிறகு வருந்திப் பயனில்லை. முன்னோர் கைத்திறனும் குரலும் அடுத்த தலைமுறையின் பங்குத்தொகை. அதைக் குறையாமல் ஒப்படைக்கும் பொறுப்பு இன்றைய அங்கத்தினராகிய நம்முடையது.